லோகேஷிடம் இருந்த வார்த்தை

ஆங்கிலப் பெயர்ச்சொற்களை வகுப்பில் எப்படி நடத்தினீர்கள், கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்தவர்கள் கேட்டால் மறுக்க எனக்கு வராது. ஆனால் நவுனில் எத்தனை வகை, எதற்கு எஸ் சேரும், எதற்குச் சேராது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடக்கிறது. அதையே நானும் எழுதினால் எனக்கும் வெட்டி வேலை, உங்களுக்கும் வெட்டி வேலை. அதனால் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன். ஃபர்னிச்சர். ஓய்வு பெற்று மந்தைவெளியில் வீட்டோடு இருக்கிறேன். இப்போதும் ஏதாவது கடைப் பலகையில் அந்த வார்த்தையைப் பார்த்தால் நின்று ஒருதரம் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். இது சந்தோஷமான கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளி மயிலாப்பூரில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வருகிறவர்கள். நான் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம். நவுன் பாடம் வந்தால் போதும், காமன், ப்ராப்பர், கலெக்டிவ், மெட்டீரியல், ஆப்ஸ்ட்ராக்ட் என்று ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒப்பித்த வாய் மூடுவதற்குள் நோட்டில் 'டூ பிரெட்ஸ்' என்று எழுதி வைப்பார்கள். வருஷா வருஷம் இதே கூத்து.

ஒருநாள் எரிச்சலில்தான் அந்த வழக்கத்தை ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு வார்த்தை. இந்த வருஷம் முழுக்க இது உன்னுடையது, வேறு யாரும் தொடக்கூடாது. பாடத்தில் எங்கே அது வந்தாலும் நீ எழுந்து அதன் விதியைச் சொல்ல வேண்டும். எஸ் போடலாமா, முன்னால் 'எ' வருமா, எண்ணலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு. சுவரில் ஒரு சார்ட் ஒட்டி வார்த்தைகளையும் பக்கத்தில் பெயர்களையும் எழுதினேன்.

பலித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். 'சிசர்ஸ்' வாங்கிய பெண் ஒவ்வொரு தடவையும் எழுந்து, "மிஸ், இதுக்கு ரெண்டு காலு, அதனால எப்பவும் எஸ்ஸோடதான் நிக்கும்" என்பாள். 'அட்வைஸ்' பையனிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அவனாகவே வந்து சொல்லிவிட்டுப் போவான். பெயரே மாறிப்போனது. மைதானத்தில் "டேய் லக்கேஜ், பாலைப் போடுடா" என்று கத்துவார்கள். சொந்தப் பெயரை ஆசிரியர்களே மறந்துபோன பிள்ளைகள் உண்டு.

வார்த்தையின் சொந்தக்காரர் வரவில்லையென்றால் என்ன செய்வது? அதற்குப் பிள்ளைகளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பக்கத்தில் உட்காருகிறவர்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டும். ஆனால் சும்மா சொல்லிவிடக் கூடாது. முதலில் "ஃபார் இன்னார், மிஸ்" என்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் விதியைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திருட்டு. அதற்கு வகுப்பே "ஓ" என்று கத்தும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு நடந்ததெல்லாம் இதனால் வந்ததுதான்.

ஃபர்னிச்சரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. லோகேஷ் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒடிசலான பையன், சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும். வார்த்தைகளைப் படித்துக்கொண்டே வரும்போது கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"மிஸ், அத்த எனக்குக் குடுங்க மிஸ். எங்க நைனா மீன்பாடி வண்டியில அத்தான் ஏத்திக்கினு போவாரு."

அவன் அப்பா லஸ் பக்கம் ஒரு மரச்சாமான் கடைக்கு மூன்று சக்கர மிதிவண்டியில் சரக்கு இழுக்கிறவர். ஃபர்னிச்சர் எண்ண முடியாத ரகம், எத்தனை நாற்காலி இருந்தாலும் எஸ் கூடாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவன் என்னைவிட நன்றாகவே விளக்கினான்.

"கட்டிலு, பீரோ, டேபிளு எல்லாம் தனித்தனியா எண்ணலாம் மிஸ். வண்டில ஏத்திட்டா எண்ணக்கூடாது. ஒரே லோடுதான். எங்க நைனா சொல்லுவாரு."

இத்தனை வருஷம் நான் போர்டில் கோடு போட்டு விளக்கியதை அவன் ஒரு வண்டியில் ஏற்றி முடித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் பர்னிச்சர். அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் பிரவீன். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒன்றாக வருவார்கள், ஒன்றாகப் போவார்கள், ஒரு டிபன் பாக்ஸைத்தான் இரண்டு பேரும் காலி செய்வார்கள். லோகேஷுக்குக் காய்ச்சல் வந்தால் "ஃபார் லோகேஷ், மிஸ்" என்று எழுந்து நிற்பது பிரவீன்தான். லோகேஷ் மாதிரியே கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பான்.

காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டினப்பாக்கம் மணலில் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். பிரவீன் அடித்த பந்து தண்ணீரில் விழுந்தது. எடுக்கப் போனவன் லோகேஷ். அந்தக் கடலைப் பற்றி உங்களுக்குத் தெரியும், முழங்கால் ஆழத்தில் நிற்கிறவனையும் இழுத்துக்கொள்ளும். படகுக்காரர்கள் கொண்டு வந்து போட்டபோது உயிர் இல்லை. பிரவீன் கரையிலேயே நின்றிருக்கிறான். அவனுக்கும் நீச்சல் தெரியாது.

மறுநாள் பிரேயரில் எல்லோரும் மௌனமாக நின்றோம். பிள்ளைகள் அழுதார்கள், நாங்களும் அழுதோம். பிறகு பாடம் நடத்த வேண்டியிருந்தது. உங்கள் பயிற்சியில் இதற்கு ஏதாவது சொல்லித் தருகிறார்களா என்று தெரியாது. எங்களுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அந்த வாரமே அந்த வார்த்தை வந்துவிட்டது. ஒரு குடும்பம் வீடு மாறிப் போகும் பாடம். முன்வரிசைப் பெண் ஒருத்தி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். வேனில் சாமான் ஏற்றுகிற வரி. 'தி ஃபர்னிச்சர்' என்று சொல்லிவிட்டு அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சொந்தக்காரர் வராத நாளில் பக்கத்தில் இருப்பவர்தானே எழ வேண்டும்? பிரவீன் எழவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. "எந்திரிடா. நீதான பக்கத்துல."

இன்னொருவன் சொன்னான். "பாலு அடிச்சது இவன்தான. இவனே சொல்லட்டும்."

நான் அதட்டினேன். அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். பாடம் நகர்ந்தது. பிள்ளைகள் பொல்லாதவர்கள் இல்லை, துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்கு எட்டியவன்மேல் வைத்தார்கள். ஆனால் அன்றோடு பிரவீன் வாயை மூடிக்கொண்டான். அட்டென்டன்ஸுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குவான். கொஞ்ச நாளில் அந்தக் கையும் பாதி நாள் வரவில்லை.

எச்.எம். என்னைக் கூப்பிட்டார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர், நல்ல மனுஷி. ஒரு பெண்ணின் தாயார் வந்து, குழந்தை ராத்திரியில் அந்த வார்த்தையைச் சொல்லி அலறுகிறாள் என்று முறையிட்டிருக்கிறார்.

"அந்த வார்த்தைய கொஞ்ச நாள் தொடாதேள். சார்ட்லேர்ந்து அவன் பேரையும் எடுத்துடச் சொல்றேன். கண்ணுல பட்டுண்டே இருந்தா குழந்தைகள் எப்படி மறக்கும்?"

"மறக்க வேண்டாம் மேடம். பேரை எடுத்தா இன்னும் மோசமாகும்னு தோணுது."

"எனக்கு மட்டும் மனசு வர்றதா? முப்பது குழந்தைகளும் படிக்கணும், பாஸ் பண்ணணும். அத யோசிக்க வேண்டியது நான்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். மறுநாள் ஆபீஸ் பியூன் வந்து ஸ்கேலை வைத்து லோகேஷின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார். ஃபர்னிச்சர் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு இடம் விழுந்தது. பெயர் இருந்தபோதுகூட யாரும் அதை அவ்வளவு பார்க்கவில்லை. இப்போது நுழைகிற பிள்ளையெல்லாம் முதலில் அந்த வெள்ளையைத்தான் பார்த்தது.

ஜனவரி வாக்கில் ஹரிணி என்று ஒரு பெண் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தாள். அப்பாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து மாற்றல். வகுப்பு வழக்கம் தெரிந்ததும் தனக்கும் வார்த்தை வேண்டும் என்று கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்றேன். அந்த 'நாளை' எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் தி.நகரில் ஒரு பள்ளியில் பயிற்சிக் கூட்டம் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். என் வகுப்புக்கு ஒரு புது டீச்சர் போனார். வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, உங்கள் வயசுதான், சுறுசுறுப்பான பெண். ஹரிணி கேட்டதும் சார்ட்டைப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை மட்டும் ஆள் இல்லாமல் இருந்தது. சந்தோஷமாக அதில் ஹரிணியின் பெயரை எழுதி, "ஃபர்னிச்சர் இனிமே உன்னோடது" என்று சொல்லிவிட்டார். வகுப்பைக் கைதட்டவும் சொல்லியிருக்கிறார்.

யாரும் கைதட்டவில்லை. பிரவீன் எழுந்து போய் சார்ட்டைக் கிழித்து எறிந்துவிட்டு வெளியே போனான். டீச்சர் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. கேட்டில் வாட்ச்மேன் பிடித்த சட்டையையும் உதறிவிட்டு ஓடிவிட்டான்.

எச்.எம்.மின் போன் வந்தபோது நான் பனகல் பார்க் பக்கத்தில் மதிய உணவுக்கு வெளியே வந்திருந்தேன். அந்தம்மாள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. "உடனே வந்துடுங்கோ. பி.டி. மாஸ்டரை பீச்சுக்கு அனுப்பியிருக்கேன். பிரவீன் அப்பாகிட்ட சொல்லியாச்சு, அவரும் அந்தப் பக்கம்தான் ஓடறார்." பையன் எங்கே போயிருப்பான் என்று அவர் நினைத்தாரோ அதைத்தான் நானும் நினைத்தேன். வாயால் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

ஆட்டோ பிடித்து பட்டினப்பாக்கம் என்றேன். மெட்ரோ பள்ளம், தடுப்புத் தகரம், எங்கே பார்த்தாலும் வண்டி. ஆட்டோ நகரவே இல்லை. உள்ளே உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டு அந்தப் பையனையே நினைத்தேன். கடைசியாக வகுப்புக்கு வந்த நாள் எப்படி இருந்தான்? தலை வாரியிருந்தான். செருப்பில் மண் இருந்தது. வெள்ளைச் சட்டையில், வலது தோளில், பழுப்பாக ஒரு கறை. அதற்கு முந்தின தடவையும் அதே இடத்தில் கறை. துவைக்காமல் வருகிறான் என்று நினைத்து ஒன்றும் கேட்காமல் விட்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாசனையும் ஞாபகம் வந்தது. அவன் பெஞ்சைத் தாண்டும்போது அடித்தது வார்னிஷ் வாசனை. கட்டில் காலைத் தோளில் தாங்கினால் அந்த இடத்தில்தான் கறை படும்.

பட்டினப்பாக்கம் வேண்டாம், லஸ்ஸுக்கு விடப்பா என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. நான் நினைத்தது தப்பாக இருந்து, அவன் உண்மையில் கடலுக்குப் போயிருந்தால்? கடற்கரையில் ஏற்கெனவே இரண்டு பேர் தேடுகிறார்கள், மூன்றாவதாக நான் போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். அப்போது யாரையும் கேட்க முடியாது. அந்தப் பிள்ளையைப் பற்றி அதுவரைக்கும் நீங்கள் கவனித்து வைத்தது மட்டும்தான் கையில் இருக்கும்.

மரச்சாமான் கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மீன்பாடி வண்டி நின்றது. மேலே ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, மடக்கு மேஜை. லோகேஷின் அப்பா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பிரவீன். ஆட்டோ பக்கத்தில் நின்றபடியே எச்.எம்.முக்கு போன் செய்தேன். கிடைத்துவிட்டான், எல்லோரையும் திரும்பி வரச் சொல்லுங்கள் என்றேன். மறுமுனையில் அந்தம்மாள் அழுதார்.

லோகேஷின் அப்பா என்னை அடையாளம் தெரிந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். சாவு வீட்டில் பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தார்.

"இன்னா டீச்சர், இவனைத் தேடிக்கினா வந்தீங்க? பொயுது விடிஞ்சா பாதி நாளு இங்கதான் வந்து நிக்கிறான். இன்னாடான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டான். ஏத்த எறக்க ஒரு கை குடுப்பான், போய்க்கினே இருப்பான். ஸ்கூலுக்குப் போடான்னு தொரத்தணும். தொரத்தல டீச்சர். எனக்கு மனசு வர்ல. இவன் கூட நின்னா அவன் நிக்கிற மாரி கீது."

பிரவீனைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று அவர் கேட்டார். மழுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரிடம் மழுப்புவது இன்னும் அசிங்கம் என்று தோன்றியது. உள்ளதைச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுத்து வைத்திருக்கிறோம், லோகேஷிடம் இருந்ததைத் தெரியாமல் வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதற்குத்தான் இவன் கோபித்துக்கொண்டு வந்துவிட்டான் என்றேன்.

"எம் புள்ளகிட்ட வார்த்த இருந்துச்சா?" என்றார். "இன்னா வார்த்த அது?"

அவருக்குத் தெரியவே தெரியாது. மகன் வீட்டில் சொல்லவில்லை. பதில் சொன்னவன் பிரவீன்.

"இத்தான் மாமா." கட்டிலின் மேல் கையை வைத்தான். "பர்னிச்சர். அவனா கேட்டு வாங்கினான். எங்க நைனா வண்டில ஏத்திக்கினு போறதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னான். ஏத்தறவரைக்கும் எண்ணலாமாம், ஏத்திட்டா எண்ணக்கூடாதாம். ஒரே லோடாம். நீ சொன்னேன்னு சொன்னான்."

வாரக்கணக்கில் பேசாதவன் பேசினான். அந்த மனிதர் வண்டியில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியே சந்தின் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பிரவீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நான் அடிச்ச பாலு மாமா" என்று சொன்னான். இரண்டு தடவை சொன்னான். அவர் அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நான் ஆட்டோ பக்கம் நகர்ந்து நின்றேன். அந்த இடத்தில் டீச்சருக்கு வேலை இல்லை. நமக்கு வேலை இல்லாத இடம் எது என்று தெரிந்துகொள்வதும் இந்த உத்தியோகத்தில் ஒரு பாடம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். பிரவீனின் சட்டையைத் தட்டிவிட்டார்.

"நைனா, ஸ்கூல் உட்டப்புறம் வா. அதுக்கு முன்ன வந்தா வண்டியத் தொட உட மாட்டேன்."

அவனுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், அத்த யாருக்கும் குடுக்காதீங்க."

அவ்வளவுதான் அவர் கேட்டது. பகலில் தன்னோடு நின்ற ஒரே ஆளையும் அனுப்பிவிட்டு, கட்டிலையும் நாற்காலியையும் தனியாக இழுத்துக்கொண்டு போனார். வண்டி லஸ் முனை திரும்பும் வரைக்கும் பிரவீன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கு வந்தால் ஸ்டாஃப் ரூமில் அந்தப் புது டீச்சர் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் கெட்டது ஒன்றும் செய்யவில்லை. காலி இடத்தைப் பார்த்தால் நிரப்ப வேண்டும் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். கோடிட்ட இடம், வராத பிள்ளை, விடுபட்ட மார்க், எதையும் வெறுமையாக விடக்கூடாது என்பதுதானே நம் தொழில்? வகுப்பில் ஒரு இடம் காலியாக இருந்தால், ஏன் காலி என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஹரிணிதான் பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளைத் தனியாக உட்கார வைத்து லோகேஷைப் பற்றிச் சொன்னேன். நிறைய கேள்வி கேட்டாள். கடைசியில், "எனக்கு வார்த்தையே வேணாம் மிஸ்" என்றாள். அதெல்லாம் முடியாது என்று 'பேகேஜ்' கொடுத்தேன். 'லக்கேஜ்' பையன் தனக்கு ஒரு தங்கச்சி கிடைத்தாள் என்று அலட்டிக்கொண்டான். கிழிந்த சார்ட்டுக்குப் பதிலாக வேறு சார்ட் எழுதி லோகேஷின் பெயரையும் எழுதினேன். எச்.எம். ரவுண்ட்ஸ் வந்தபோது அதன் முன்னால் நின்று பார்த்தார். அந்தப் பெயரைப் படித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். பிரவீன் தினமும் வந்தான், கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொன்னான். அவன் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை, அவனும் நகர்ந்து உட்காரவில்லை. பாடத்தில் அந்த வார்த்தை வந்தால் படிக்கிற பிள்ளை நிறுத்தும். வகுப்பு காத்திருக்கும். பிரவீன் எழ மாட்டான். யாரும் அவனை எழச் சொல்லவும் மாட்டார்கள். பிறகு நான் தலையசைப்பேன், அடுத்த வரி. எழுந்து நின்று "ஃபார் லோகேஷ், மிஸ்" என்று அவன் ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான் என்று நான் உள்ளுக்குள் ஏங்கினேன். சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பதில் அது இல்லை.

பரீட்சை நெருங்கும்போது அவர்கள் குடியிருப்புக்கு ஆள் வந்து சுவரில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரை வீடுகளை எடுக்கிறார்கள் என்ற பேச்சு பல வருஷமாக இருந்ததுதான், அந்த வருஷம் எடுத்தேவிட்டார்கள். ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்தார்கள். லோகேஷின் அப்பாவும் அங்கேதான் போனார். அங்கிருந்து லஸ்ஸுக்கு வண்டி மிதித்து வர முடியுமா? விற்றுவிட்டார் என்று கேள்வி. பிரவீன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பரீட்சை எழுதினான். கடைசிப் பரீட்சை முடிந்த அன்றே அவன் அப்பா டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வேறு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது பையன் போய்விட்டிருந்தான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கேள்வித்தாள் எங்கள் பள்ளியில் எடுத்தது இல்லை, பல பள்ளிகளுக்கும் பொதுவானது. விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைப் படித்தபோதுதான் பார்த்தேன். தவறைத் திருத்தி எழுதுக என்ற பகுதியில் ஒரு வாக்கியம். 'தி ஃபர்னிச்சர்ஸ் ஆர் வெரி ஓல்ட்.' ஒரு மார்க் கேள்வி. மற்ற பள்ளிப் பிள்ளைகள் யோசிக்காமல் எழுதியிருப்பார்கள்.

என் வகுப்பில் முதல் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இரண்டாவது தாளிலும் அப்படியே. 'சிசர்ஸ்' பெண் எழுதவில்லை. உலகத்துக்கே புத்தி சொல்லும் 'அட்வைஸ்' பையன் எழுதவில்லை. அரை மார்க் குறைந்தால் அழுகிற முதல் ரேங்க் பெண், மேலும் கீழும் எல்லாக் கேள்விக்கும் எழுதிவிட்டு, அந்த எண்ணை மட்டும் போட்டு இடம் விட்டிருந்தாள். லோகேஷைப் பார்த்தே இராத ஹரிணியும் எழுதவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்தது இல்லை. அது அவர்களுடைய வார்த்தை இல்லை, அதனால் தொடவில்லை. ஒவ்வொரு பூஜ்யமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். கண்ணை மறைத்தது, துடைத்துக்கொண்டு போட்டேன்.

பிரவீனின் தாள் கட்டின் அடியில் இருந்தது. அந்தக் கேள்விக்கு அவன் பதில் எழுதியிருந்தான். எஸ்ஸை எடுத்து, ஒருமையாக்கி, சரியாகத் திருத்தியிருந்தான். அதற்கு முன்னால், கோட்டை ஒட்டி, மூன்று வார்த்தை எழுதியிருந்தான்.

'ஃபார் லோகேஷ், மிஸ்.'

பரீட்சைத் தாளில் யாராவது மிஸ் என்று எழுதுவார்களா? அவன் எழுதியிருந்தான். நான் இல்லாத அறையில், பக்கத்து இடம் காலியாக இருக்க, அவன் எழுந்து நின்றிருக்கிறான்.